ஆமென் வராத ஊர்

ஆறுதல்புரத்துல ஆமென் காணாமப்போன கதய வெளியூர்ல சொன்னா சிரிக்காவ. சிரிச்சுட்டுப் போகட்டும். சிரிக்கிறவங்க யாரும் எங்களோட வந்து அந்தக் கோயிலுக்குள்ள வாயத் தொறந்துக்கிட்டு, சத்தம் வராம, கரையில எடுத்துப் போட்ட மீனு மாதிரி நின்னதில்ல, அவங்க பெத்ததுக யாரும் அந்தக் கல்லறத் தோட்டத்துல படுத்திருக்கல. பட்டவங்களுக்குத்தான் தெரியும். அதனால நான் மொதல்லருந்து வரிசையாச் சொல்லிருதேன், நம்புறதும் நம்பாததும் கேக்குறவங்க பாடு.

எங்க ஊரு தேரிக்காட்டு ஓரத்துல இருக்கு. ஆடி மாசம் காத்து எடுத்துச்சுன்னா செம்மண்ணு பறந்து வந்து சோத்துல விழும், வெள்ள வேட்டி ரெண்டு வெளுப்புல காவி நெறமாயிரும், ஊரே செவந்து கெடக்கும், அதுக்கு நடுவுல வேதக்கோயில் மட்டும் வெள்ளவெளேர்னு நிக்கும், ஏன்னா வருஷாவருஷம் பண்டிகைக்கு முன்ன நாங்களே ஏணி போட்டு ஏறிச் சுண்ணாம்பு அடிப்போம். கோயிலுக்குத் தெக்க பூவரச மரத்துக்குக் கீழ கல்லறத் தோட்டம். எங்க ஆளுகளுக்கு அதுல பயமெல்லாம் கெடயாது. கலியாணம் முடிஞ்ச பொண்ணு மாப்பிள்ளயக் கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயி, இதுதான் எங்கப்பான்னு கல்லறயக் காட்டுவா, பரிச்சைக்குப் போற பிள்ளைக அந்த வழியாத்தான் போகும், ஆடு தொலச்சவன் மொதல்ல அங்கதான் தேடுவான்.

இன்னொரு பழக்கம் உண்டு, அதக் கவனமாக் கேக்கணும். எங்க கோயில்ல எந்தக் காரியத்துக்கும் கை தூக்கச் சொல்லுற வழக்கம் கெடயாது. கை தூக்குனா எண்ணணும், எண்ணுனா யாரு தூக்குனா யாரு தூக்கலன்னு தெரிஞ்சுரும், தெரிஞ்சா மறுநாளே வேலிச் சண்ட, வாய்க்காச் சண்ட, பொண்ணு குடுத்த எடத்துச் சண்டன்னு ஊரு ரெண்டாயிரும்னு மிஷன் காலத்துல இருந்த யாரோ ஒரு புண்ணியவான் ஒரு வழி பண்ணி வச்சுட்டுப் போயிட்டாரு. கோயிலுக்குப் புதுசா ஓடு மாத்தணுமா, பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வைக்கணுமா, எதுவா இருந்தாலும் ஐயரு அத ஜெபத்துல வச்சுச் சொல்லுவாரு, சபை ஆமென் சொல்லும், காரியம் முடிஞ்சுது. எங்க பக்கம் கோயில் போதகர ஐயருன்னுதான் சொல்லுவோம். ஐயரு பொய் சொன்னாக்கூட ஜெபத்துல சொல்லமாட்டாருன்னு நாங்க நெனச்சிருந்தோம், கூறுகெட்டவங்க.

அருள்கனி ஆமென் சொல்லுறத வெளியூர்லருந்து வந்தவங்ககூட ஒரு தடவ திரும்பிப் பாப்பாவ. பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆக்குறவ அவ. பெரிய சட்டியில கரண்டி போட்டுக் கிண்டிக் கிண்டி நெஞ்சுக்கூடு அகலம், சத்தமும் அகலம். ஊரே ஆமென் சொல்லி முடிச்ச பொறவு அவ ஆமென் மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் நடந்து போகும். சின்னப் பிள்ளைக சிரிக்கும், அவ கவலப்பட மாட்டா. புருஷன் போயிச் சேந்து வருஷமாச்சு. ஒத்த மக ஜெபசெல்வி, பன்னெண்டாப்பு படிக்கையில காய்ச்சல்ல போயிட்டா. அன்னைக்குப் பிடிச்சு அருள்கனி சாயந்தரம் பாத்திரம் கழுவி வச்சுட்டு, மூஞ்சியக் கழுவிப் பவுடர் போட்டுக்கிட்டு, நேரா மக கல்லறைக்குப் போயிருவா. அங்க உக்காந்து, இன்னைக்கு முட்டையில ரெண்டு கூமுட்டை, ஹெச்செம்முக்கு மூட்டுவலி, உன் கூடப் படிச்சவளுக்குப் பிள்ள பொறந்திருக்குன்னு ஒண்ணு விடாமச் சொல்லிட்டு வீட்டுக்கு வருவா. யாரும் அவளப் பைத்தியம்னு சொன்னதில்ல.

அப்ப இருந்த ஐயரு துரைசிங். நல்ல செவப்பு, நல்ல குரல், கேட்டா கல்லும் கரையும். சபைச் செயலாளர் வேதமுத்து, அருள்கனிக்குக் கொழுந்தன் முறையில்ல, சொந்தக் கொழுந்தனே, புருஷன்கூடப் பொறந்தவன். ஜெபசெல்வி பெட்டிக்கு முன்னால தோள் குடுத்தவன் அவன்தான். அத மறந்துராதிய.

அசனப் பண்டிக அன்னைக்கு நடந்தது இது. அசனம்னா ஊரே சேந்து சமச்சு ஊரே சேந்து உக்காந்து திங்கிறது. ஆராதன நடந்துக்கிட்டிருக்கு, வெளிய அண்டா அண்டாவாச் சோறு வெந்துக்கிட்டிருக்கு, ஆட்டுக்கறி மசாலா வாசன ஜன்னல் வழியா வந்து மூக்கப் பிடிச்சு இழுக்குது, எல்லாரும் கண்ண மூடி நிக்கோம், வயிறு மட்டும் முழிச்சுக்கிட்டு நிக்கி. ஐயரு ஜெபம் பண்ணுதாரு, நீட்டுதாரு, சுகமில்லாதவங்களுக்காக, பரிச்ச எழுதுறவங்களுக்காக, வெளிநாட்டுல இருக்குறவங்களுக்காக, மழைக்காக. அந்த மழைக்கும் அரசாங்கத்துக்கும் நடுவுல, குரல ஏத்தாம எறக்காம, எங்கள் பிதாக்கள் நித்திரை செய்யும் நிலத்தையும் உமது ராஜ்யத்தின் விரிவுக்கென்று இந்தச் சபை மனப்பூர்வமாய் ஒப்புக்கொடுக்கிறதுன்னு ஒரு வரியச் சொருகுனாரு. கேட்டோம், கேக்காம இல்ல. பெரிய பெரிய வார்த்த, நல்லாத்தான் இருந்துச்சு. ஜெபத்துல எதத்தான் ஒப்புக்குடுக்கல, உசுரக் குடுக்கோம், உடம்பக் குடுக்கோம், ஒண்ணும் ஆவாது. முடிச்சாரு, நாங்க ஆமென் சொன்னோம் பாருங்க, பந்தியில எடம் பிடிக்கிற அவசரமும் பண்டிகச் சந்தோசமும் சேந்து, கோயில் ஓட்டுல இருந்த புறா அம்புட்டும் பறந்துச்சு. அருள்கனி ஆமென் அதுக்கு மேலயும் நின்னுச்சு. வேதமுத்து பலிபீடத்துக்குப் பக்கத்துல நின்னு செல்போன்ல எல்லாத்தையும் பிடிச்சுக்கிட்டிருந்தான், பண்டிகதான, பிடிக்கான்னு நெனச்சோம்.

கொஞ்ச நாள் கழிச்சு கல்லறத் தோட்டத்துல அளவுக்காரங்க வந்து கல்லு நட்டாவ. கேட்டா, டவுன்ல பெரிய கலியாண மண்டபம் வச்சிருக்குறவரு வாங்கிட்டாராம், இங்க ஒரு மண்டபமும் கடையும் வரப்போவுதாம், எலும்பெல்லாம் பதனமாத் தோண்டி எடுத்துப் பின்னால ஓடக்கரையில ஒரே குழியா வைக்கப்போறாவளாம். ஊரு தெரண்டு வேதமுத்து வீட்டுக்கு ஓடுனோம். அவன் சட்ட போட்டுக்கிட்டு நிதானமா வெளிய வந்தான். சபைக்குத் தெரியாம என்ன நடந்துச்சுன்னு எங்களையே கேட்டான்.

"அசனத்தன்னைக்கு ஐயரு தெளிவாச் சொல்லித்தான ஜெபிச்சாரு? நீங்கதான ஆமென் சொன்னிய? சத்தம் பத்தலன்னு யாரும் சொல்ல முடியாது. திருமண்டலப் பெரிய ஆபீஸ்ல, நான் செல்போன்ல பிடிச்சதக் கேட்டுட்டு, இப்படி ஒருமனப்பட்ட சபையப் பாத்ததே இல்லன்னு சொன்னாவ."

அருள்கனி கூட்டத்துல நின்னா. தன் வாய ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு வீட்டப் பாக்கப் போயிட்டா. அன்னைக்குச் சாயந்தரம் அவ கல்லறைக்குப் போகல. மறுநாளும் போகல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவா? பெத்த பிள்ள தூங்குற எடத்த விக்குறதுக்குச் சரின்னு சொன்னதுலயே பெரிய சத்தம் அவ சத்தம்தான.

அடுத்த ஞாயித்துக்கிழம ஆமென் போச்சு.

எப்படின்னா, ஐயரு ஆரம்ப ஜெபத்த முடிச்சாரு, நாங்க வாயத் தொறந்தோம், காத்து வந்துச்சு. அம்புட்டுதான். நாக்கு இருக்கு, ஒதடு அசையுது, தண்ணி குடுன்னா வருது, தள்ளி நில்லுன்னா வருது, அந்த ஒரு வார்த்த மட்டும் இல்ல. ஐயருக்கும் இல்ல, பாடகர் குழுவுக்கும் இல்ல, மடியில கெடக்குற பிள்ளைக்கும் இல்ல. ஆமென் கேக்காம கண்ணத் தொறக்கக்கூடாதுங்கிறது எங்களுக்குத் தாய்ப்பால்லயே வந்த பழக்கம், அதனால அத்தன பேரும் கண்ண மூடிக்கிட்டே நின்னோம், நின்னோம், நின்னுக்கிட்டே இருந்தோம். ஒரு ஆடு உள்ள வந்து பலிபீடத்துப் பூவயெல்லாம் தின்னுட்டு, ஆரும் வெரட்டலயேன்னு ஆச்சரியப்பட்டுப் போச்சு. பொறவு பிள்ளைக கண்ணத் தொறந்துச்சு, பொறவு சக்கர வியாதிக்காரங்க, கடேசியா ஐயரு. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம வெளிய வந்து செருப்ப மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போனோம்.

வீட்டுல சோத்துக்கு முன்ன ஜெபம் பண்ணுனோம், அதுவும் முடியல. சோறு ஆறிப்போச்சு, கொழம்புல ஆட படிஞ்சிருச்சு. எம்புட்டு நேரந்தான் பாப்பாவ, பசிக்குதுல்லா, ஜெபத்துக்கு நடுவுலயே கைய வச்சுச் சாப்பிட்டோம். இப்படியே ஒரு வாரம் ஓடுன பொறவு டீக்கட பொன்சீலன்தான் அத ஒடச்சுச் சொன்னான். கதவச் சாத்தலன்னா தொறந்துதான கெடக்கும், நாம ஜெபத்தச் சாத்தலல்லா, அப்ப நாம பேசுற பேச்செல்லாம் உள்ள போய்க்கிட்டுத்தான இருக்கும்னு கேட்டுட்டு டீய ஆத்துனான். கேட்டவங்களுக்கு டீ எறங்கல.

அதுக்குப் பொறவு ஊரு நடப்பே மாறிப்போச்சு. கத்திரிக்காய்க்குப் பேரம் பேசுறவ, இது நேத்துப் பறிச்சதுதான்னு சொல்ல வாயெடுத்து, ஜெபத்துல நிக்கோமேன்னு நெனப்பு வந்து, முந்தாநேத்துப் பறிச்சது, அடியில ரெண்டு சொத்தன்னு உள்ளதச் சொல்லுவா. புருஷன் பொண்டாட்டி சண்டையில அவ அவன ஏசத் தொடங்கி, பாதியில மேல பாத்து, நீரே கேளும் இந்த மனுசன் பேசுறதன்னு அங்கயே வழக்க வச்சிருவா. கொட்டாவி விட்டாலும், மாட்ட வஞ்சாலும், பஸ்ஸு வரலன்னு பொலம்புனாலும் எல்லாம் ஜெபத்துலதான் சேந்துச்சு. அந்த வருஷம் ஒரு கலியாணம் நடந்துச்சு, மோதிரம் போட்டாச்சு, ஆசீர்வாதம் கூறியாச்சு, முடிக்கிற வார்த்த இல்ல, கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு மாப்பிள்ள பொண்ணக் கூட்டிக்கிட்டுப் பந்திக்குப் போயிட்டான். அவங்க இன்னும் அந்த ஜெபத்துக்குள்ளதான் குடும்பம் நடத்துதாவ, ஒரு பிள்ளகூட இருக்கு.

வைத்தியம் பாக்காமயும் இல்ல. தொண்டை டாக்டர்கிட்ட ஒரு வேன் பிடிச்சுப் போனாவ, அவரு லைட் அடிச்சுப் பாத்துட்டு எல்லாருக்கும் டான்சில் நல்லாருக்குன்னு அனுப்பிட்டாரு. எழுப்புதல் ஊழியக்காரர் ஒருத்தர் பெரிய ஸ்பீக்கரோட வந்து, இந்த ஊமை ஆவிய வெரட்டுதேன்னு வேர்த்து விறுவிறுக்கக் கத்துனாரு, முடிக்கையில அவருக்கும் வாயடச்சுப் போச்சு. பொட்டியக் கட்டிக்கிட்டு பஸ்ஸேறுனவருக்கு ஊரு எல்லை தாண்டுனதும் சொல்லாம விட்ட அம்புட்டு ஆமெனும் மொத்தமா வந்து, நிறுத்த முடியாம டிக்கெட் எடுக்க வந்த கண்டக்டர்கிட்டல்லாம் ஆமென் ஆமென்னு சொன்னாராம். அதுலதான் எங்களுக்கு விசயம் புரிஞ்சுது. ஊருக்குள்ளதான் இல்ல, வெளிய போனா கெடைக்கி.

அங்க தொடங்குச்சு அடுத்த நஷ்டம். ஞாயித்துக்கிழம காலம்பற மினி பஸ்ஸப் பிடிச்சு ஆமென் கெடைக்கிற கோயிலுக்குப் போக ஆரம்பிச்சாவ. மொதல்ல ரெண்டு வீடு, பொறவு தெருவுல பாதி. போறவங்கள ஏச முடியாது, ஜெபத்த முடிக்காம எத்தன நாளு மனுசன் நெஞ்சுல தூக்கிக்கிட்டு அலைவான். ஆனா உள்ள நின்ன எங்களுக்குத்தான் தெரியும் அந்தக் காலிப் பெஞ்சப் பாத்துப் பாடுற வலி. அந்த வருஷம் சுண்ணாம்பு அடிக்க ஏணியப் பிடிக்க ஆளில்ல, செம்மண்ணு மெல்ல மெல்லக் கோயில் சுவத்துல ஏறிச்சு. இது நமக்குத் தண்டனன்னு சிலபேரு சொன்னாவ. வார்த்தயக் கண்டபடி செலவழிச்சோம், குடுத்தவரு திருப்பி வாங்கிட்டாருன்னு சிலபேரு சொன்னாவ. எனக்கு ரெண்டும் பிடிக்கல. எங்கள ஏமாத்துனவன் நல்லா வேட்டி கட்டிக்கிட்டுத் திரியுதான், ஏமாந்தவங்களுக்கா தண்டன? அப்ப அவரு யாரு பக்கம்? இதயும் ஜெபத்துக்குள்ள நின்னுதான் கேட்டேன். பதிலில்ல.

பொறவு ஒரு நாள் ஜேசிபி வந்து எறங்குச்சு.

ஓட்டிக்கிட்டு வந்தவன் இசக்கிப்பாண்டி, பக்கத்து ஊருக்காரன், நெத்தியில குங்குமம், இடுப்புல கருப்புக் கயிறு. வண்டியக் கல்லறத் தோட்டத்து வாசல்ல நிறுத்திட்டு, உங்க சாமியாரக் கூப்பிடுங்க, படுத்திருக்குறவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிக் கும்பிட்டு முடிச்ச பொறவுதான் நான் பல்ல எறக்குவேன்னுட்டான். ஐயரு அங்கிய மாட்டிக்கிட்டு வந்து, நல்ல குரல்ல, உருக்கமா ஜெபிச்சாரு. முடிக்கிற எடம் வந்துச்சு. நின்னாரு. ஒதடு அசஞ்சுது. இசக்கிப்பாண்டி சாவியக் கையில வச்சுக்கிட்டு, முடிஞ்சுதான்னு கேட்டான். முடியலன்னு பொன்சீலன் சொன்னான். முடியட்டும், நான் இருக்கேன்னு அவன் பூவரச மரத்தடியில உக்காந்துட்டான்.

மறுநாளும் வந்தான், முடியல. அதுக்கு மறுநாளும் முடியல. வேற டிரைவரக் கூட்டிக்கிட்டு வந்தாவ, அந்த டிரைவர் இசக்கிப்பாண்டிகிட்ட என்ன அண்ணாச்சின்னு கேட்டான், அவன் விசயத்தச் சொன்னான், பாதிப் பூசையில மயானத்துல கை வச்சவன் வீடு வெளங்காதுன்னு அவனும் திரும்பிப் போயிட்டான். எங்க ஐயருக்கு இல்லாத பயம் வேற சாமி கும்பிடுற பயகளுக்கு இருந்துச்சு. அப்பதான் எங்களுக்கு மெல்ல ஒறைக்க ஆரம்பிச்சுது, ஆமென் இல்லாததாலதான் எங்க ஆளுக இன்னும் அவங்கவங்க எடத்துல படுத்திருக்காவன்னு. சந்தோசப்பட முடியல, எத்தன நாளைக்கு இதுன்னு யாருக்குத் தெரியும்.

வேதமுத்து லேசுப்பட்டவனில்ல. கட்டப்போற மண்டபத்துல அவன் மகனுக்கு மேனேஜர் வேலன்னு பேசி வச்சிருந்தாவ. ஐயருக்கு டவுன்ல பெரிய கோயில். ரெண்டு பேருக்கும் அவசரம். ஒரு ஞாயித்துக்கிழம ஆராதன முடிஞ்சு, சாரி, முடியாம நாங்க வெளிய வரையில, வேதமுத்து கோயில் ஸ்பீக்கரத் தூக்கிக்கிட்டுப் போயிக் கல்லறத் தோட்டத்துல வச்சு, செல்போன அதுல மாட்டுனான். ஆமென்தான வேணும், இருக்குல்லா எங்கிட்டன்னான். அருள்கனியும் அன்னைக்கு வந்து நின்னா. அம்புட்டு நாள் கழிச்சு மொதத் தடவையா வாசலத் தாண்டி, மக கல்லறைக்குக் கிட்ட போகாம, தூரமா நின்னா.

அவன் பாட விட்டான். மொதல்ல ஐயரு குரல், அண்டாவுல கரண்டி இடிக்கிற சத்தம், ஒரு பிள்ள இருமுது. மழைக்காக, பொறவு எங்க நிலத்தையும். அதுக்குப் பொறவு ஆமென்.

அட பாவிகளா, எங்க சத்தமா அது? என்ன ஒரு நம்பிக்க அதுல. கள்ளமில்லாத பிள்ள அப்பன் கையில இருக்குறத என்னன்னு கேக்காம வாயத் தொறந்து வாங்குமே, அப்படி வாங்கியிருந்தோம். பஸ்ஸேறிப் போனவங்க சத்தம் இருந்துச்சு, அதுக்குப் பொறவு செத்துப்போன தேவராசு பாட்டா சத்தம் இருந்துச்சு, எல்லாம் ஓஞ்ச பொறவு அருள்கனி சத்தம் தனியா நீண்டு போச்சு. வேதமுத்து திரும்பி இசக்கிப்பாண்டியப் பாத்து, முடிஞ்சிட்டு, எறக்குன்னான். இசக்கிப்பாண்டி எந்திரிக்கல. அது அன்னைக்குச் சொன்னதுல்லான்னு மட்டும் சொன்னான், சொல்லிட்டு அருள்கனியப் பாத்தான், எல்லாரும் பாத்தோம்.

அவ நடந்து போயி மக கல்லற மேல நெஞ்ச வச்சுப் படுத்தா. வாயத் தொறந்தா. எங்க ஊர்ல ஒப்பாரி கெடயாது. வேதத்துக்கு வந்த நாள்லருந்து அத விட்டாச்சு, பொணத்தச் சுத்தி நின்னு பாட்டுப் பாடுவோம், கண்ணு கலங்கும், சத்தம் வரக்கூடாது, நம்பிக்கயில்லாத சனங்க மாதிரி மாரடிக்கக்கூடாதுன்னு சொல்லிச் சொல்லி வளத்தாவ. எங்க ஆத்தாமார்களுக்கே தெரியாத ராகம் அருள்கனிக்கு எங்கருந்து வந்துச்சோ, வந்துச்சு.

"கண்ண மூடச் சொன்னாவளே, கண்ண மூடி நின்னேனே,
கண்ண மூடி நிக்கையில எங் கண்ண வித்தாவளே,
பெட்டி சுமந்த கையாலே பேரம் முடிச்சாவளே,
நம்பி நின்ன வாயாலே நாந்தான குடுத்துட்டேன்,
நான் கண்ண மூடி நின்னேன் ஆண்டவனே,
நீயுமா கண்ண மூடி நின்ன?"

'நீ'ங்கிறா. நாங்க பொறந்ததுலருந்து நீர், உமக்கு, உம்மன்னு கை கட்டி நின்னவரப் பாத்து நீன்னு கேக்கிறா. வானம் இடியும்னு நெனச்சேன், இடியல. எனக்குப் பக்கத்துல நின்னவ தலையில அடிச்சுக்கிட்டு உக்காந்தா. பொறவு நான் உக்காந்தேன். ஒருத்தி தோள்ல ஒருத்தி கையப் போட்டுக்கிட்டு ஆடி ஆடி அழுதோம், ஆம்பிளைக மரத்தப் பிடிச்சுக்கிட்டு அழுதாவ, அவங்கவங்க ஆளு கல்லறயத் தேடிப்போயி அங்க உக்காந்து, அவங்கவங்க வழக்க ஆண்டவருகிட்டயே வச்சாவ. நோவுல இருந்தப்ப கூப்பிட்டேனே எங்க போன, கடன்ல இருந்தப்ப கூப்பிட்டேனே எங்க போன, உன் பேரச் சொல்லித்தான ஏமாத்துனாவ, உன் பேருக்காவது நீ வரக்கூடாதா. மினி பஸ் அந்த வழியா வந்துச்சு, ஆமென் சொல்லிட்டு நிம்மதியா வந்தவங்க ஜன்னல்ல எட்டிப் பாத்தாவ, பஸ்ஸ நிறுத்தி எறங்கி வந்து, என்ன ஏதுன்னு கேக்காமக் கூட உக்காந்தாவ. துரைசிங் ஐயரும் அங்கியோட மண்ணுல உக்காந்து அழுதாரு. அழட்டும். நாங்க அவர மன்னிக்கல, அதயும் இப்பமே சொல்லிருதேன்.

அம்புட்டுக் கோவத்துலயும் ஒண்ண நெனச்சுப் பாத்தேன். எங்கள வித்தவங்ககிட்ட நாங்க அழல. பெரிய ஆபீஸ்காரங்ககிட்ட அழல. எங்களுக்குப் பதிலே சொல்லாம இருந்தாரே, அவருகிட்டதான் போயி விழுந்தோம். கேக்க ஆளில்லாத வீட்டு வாசல்ல எந்தக் கிறுக்கன் போயி ஒப்பாரி வைப்பான்? அப்ப இம்புட்டுக்குப் பொறவும் அவரு உள்ளதான் இருக்காருன்னு நாங்க நெனச்சிருக்கோம். எனக்கே எம்மேல எரிச்சலா வந்துச்சு.

அழுது அழுது ஓஞ்சு உக்காந்திருந்தப்பதான் அது வந்துச்சு. எனக்கு வந்துச்சு, என் நாக்கு நுனியில, பழைய எடத்துல, சூடா, எச்சியோட. நிமிந்து பாத்தா பொன்சீலன் மூஞ்சியும் மாறியிருக்கு, பக்கத்துல இருக்குறவ வாயப் பொத்துதா, சின்னப் பிள்ளைக ஆத்தாமார் மூஞ்சியப் பாக்குதுக. எல்லாருக்கும் வந்துட்டுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. எத்தன நாளா ஏங்குன வார்த்த. முடிச்சுட்டா நெஞ்சு லேசாயிரும், ராத்திரி தூக்கம் வரும், கோயில்ல திரும்பக் கூட்டம் சேரும்.

வேதமுத்துவுக்கும் வந்திருக்கும் போல. அவன் சொன்னா செல்லுமான்னு அவனுக்கே சந்தேகம், அதனால அருள்கனி பக்கத்துல வந்து குத்தவச்சு உக்காந்தான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்துச்சு, பொய்யில்ல.

"மைனி, வந்துட்டுல்லா? சொல்லிருங்க. நீங்க சொன்னா எல்லாரும் சொல்லுவாவ. எம்புட்டு நாளைக்கு இப்படியே கெடக்குறது, முடிச்சுருங்க மைனி."

அருள்கனி எந்திரிச்சு உக்காந்தா. கன்னத்துல ஒட்டியிருந்த செம்மண்ணத் தட்டக்கூட இல்ல. அவ தொண்டையில அந்த வார்த்த ஏறி எறங்குறத நாங்க கண்ணால பாத்தோம், எங்க எல்லாரோடதையும் விட அவளுதுதான பெருசு. ஒதட்ட இறுக்கிக்கிட்டு, கொஞ்ச நேரம் கண்ண மூடாம மேல பாத்தா. பொறவு கொழுந்தனப் பாத்துச் சொன்னா.

"முடிச்சா அவரு எந்திரிச்சுப் போயிருவாரு வேதமுத்து. பதில் வாங்காம நான் அவர விடமாட்டேன்."

சொல்லிட்டு, வந்த ஆமென முழுங்குனா. நாங்களும் முழுங்குனோம்.